ஜட்ஜம்மா படித்த ஒயின்

எங்கள் ஹோட்டல் உணவுக்கூடத்தில் ஜட்ஜம்மாவிடம் நல்ல பெயர் வாங்கியவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. தலைமைச் சமையல்காரருக்கு நாக்கே கிடையாது. மேஜைகளுக்குப் பூ அடுக்க வரும் பெண்ணுக்கு நிறம் தெரியாது. லிஃப்டில் ஒலிக்கும் பாட்டைத் தேர்ந்தெடுத்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். வேலைக்கு வந்து சீருடை மாற்றுவதற்குள் நாலு பேருக்காவது தீர்ப்பு எழுதிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால்தான் ஜட்ஜம்மா. நேரில் அக்கா. அவர் பரிமாறும் மேஜைகளுக்கு அடுத்த வரிசை என்னுடையது. அதனால் தினமும் முதல் தீர்ப்பு எனக்குத்தான் கிடைக்கும்.

ஒயின் விஷயத்தில் மட்டும் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்களில் ஒருவருக்கும் அதில் அட்சரம் தெரியாது என்பதே காரணம்.

அவருக்கும் ஒரு காலத்தில் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் சாப்பிட வந்திருக்கிறது. அப்பா ஒயின் அட்டையில் விரலை வைத்து, "இது எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். "நல்லா இருக்கும் சார்" என்றிருக்கிறார் இவர். "நல்லா இருக்கும்னா? ஜூஸ் மாதிரியா, இருமல் மருந்து மாதிரியா?" என்று அவர் திருப்பிக் கேட்க, மேஜை மொத்தமும் சிரித்திருக்கிறது. உயரமான நாற்காலியில் உட்கார வைத்திருந்த குழந்தைகூடச் சிரித்ததாம். பல்லே முளைக்காத அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசும்போதும் அக்காவின் முகம் சிவக்கும்.

அன்றைக்குப் பிடித்த வெறி. பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்து கிடந்த தடித்தடியான ஒயின் புத்தகங்களைத் தேடிப்பிடித்தார். பஸ்ஸில் மடியில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களை முணுமுணுத்தபடி வருவார். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்து ஒதுங்கி உட்காருவார்கள். தீர்ந்த பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் ஊறவைத்து, லேபிளைக் கிழியாமல் உரித்து, படுக்கையறை அலமாரியின் கதவில் ஒட்டினார். அவர் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அந்தக் கதவை முகம் பார்க்கும் அளவுக்கு பாலிஷ் போட்டு வைத்திருந்த மனிதர். லேபிள்கள் ஒவ்வொன்றாக அதை மூடிக்கொண்டே வந்ததைத் தன் சொந்தக்காரர் யாரோ மெல்ல மெல்ல மூழ்குவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருசி பார்க்க அக்காவுக்குத் தடையில்லை. பழைய மேனேஜர் நல்லவர், அதாவது சோம்பேறி. பாட்டில் திறந்தால் ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மிச்சம் மீதியை ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி அக்கா வீட்டுக்கும் எடுத்துப்போவார். அங்கே கணவருக்கு வகுப்பு நடக்கும்.

"நல்லா மோந்து பாருங்க. என்ன வருது?"

"வருது, வருது."

"வெட்டி வச்ச ஆப்பிள். பாதாம் வறுத்த வாசனை. கிடைக்குதா?"

"ஆமாம்மா, பாதாம்தான்."

பாவம், அந்த மனிதர் தின்னர் வாடையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். சமையலறையில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அவர் கண்ட பாதாம் எல்லாம் மனைவி முகத்தில் கண்டதுதான். இந்தச் செத்த மூக்குதான் அக்காவுக்கு வாய்த்த ஒரே பரிசோதகர். அது ஒருமுறைகூட அவரை மறுத்துப் பேசியதில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. வெள்ளை ஒயின் என்றால் எங்கள் அக்கா என்று பெயர் பரவியது. நல்ல வெள்ளை ஒயின் தேன் நிறத்தில் இருக்கும், வெட்டி வைத்த ஆப்பிள் மணம் வரும், வெளிறிக் கிடப்பதெல்லாம் பிஞ்சிலே பறித்த சரக்கு என்பது அவர் கொள்கை. சில பாட்டில்களில் கார்க் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும். "உள்ள இருக்கிறது பழுத்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். வாரத்தில் ஒரு நாள் தவறாமல் வரும் ஒரு பல் டாக்டர் அவருடைய பரம சீடர் ஆனார். கார்க் துருத்திய பாட்டிலாகப் பார்த்துக் கேட்டு வாங்குவார். கண்ணை மூடி ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆப்பிள்!" என்பார். பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்ப்பதைப் போல அக்கா பெருமையோடு பார்ப்பார். எனக்கு இரண்டு பேரையும் பார்த்தால் எரிச்சலாக வரும்.

பிறகு புது மேனேஜர் வந்தான். நேரில் சார்தான். இங்கே அவன் என்றே சொல்லிக்கொள்கிறேன், வயதில் என்னைவிடச் சின்னவன். கோட்டுக் காலரில் திராட்சைக் கொத்து வடிவத்தில் ஒரு சின்ன பின் குத்தியிருப்பான். ஒயின் படிப்பில் சர்டிபிகேட் வாங்கியவர்களுக்குக் கொடுப்பதாம். பேசும்போது விரல் அடிக்கடி அந்தப் பின்னைத் தொட்டுவிட்டு வரும், தாலி இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

வந்த வாரமே எங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து ஒரு வெள்ளை ஒயினைத் திறந்தான். லேபிளைப் படித்தான். ஊற்றினான். கிளாஸைச் சுழற்றினான். மூக்கை விட்டான். வாயில் வைத்துக் கொப்பளிப்பதைப் போல ஒரு சத்தம். பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னான்: "பச்சை ஆப்பிள். எலுமிச்சைத் தோல். பின்னாடி, ஈரமான கல்."

"ஈரமான கல்லை எப்ப சார் நக்கிப் பார்த்தீங்க?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவனுடைய விரல் காலரில் இருந்த பின்னுக்குப் போனது.

"அது தொழில் வார்த்தை. முறையாப் படிச்சவங்களுக்குப் புரியும்."

"கண்ணு இருக்கிறவங்களுக்கும் புரியும் சார். கிளாஸைப் பாருங்க. தேன் மாதிரி இருக்கு. இதுல பச்சை எங்க இருந்து வந்தது? நல்லாப் பழுத்த ஆப்பிள், வெட்டி வச்சது. பாதாம். நீங்க புத்தகத்தைச் சொல்றீங்க, நான் கிளாஸைச் சொல்றேன்."

இதில் அவர் சொன்னது அவ்வளவும் உண்மை என்பதுதான் பின்னால் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. கிளாஸில் இருந்ததை இருந்தபடியே சொன்னார். அவனோ லேபிளைப் பார்த்து, அந்த வகைக்குப் பாடத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை ஒப்பித்தான். கண்ணெதிரே பழுப்பாக நின்றதை அவன் பார்க்கவே இல்லை.

ஆனால் மேனேஜர் அவன்தானே. சர்டிபிகேட் இல்லாதவர்கள் இனி மேஜையில் ஒயினைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினான். அக்காவையும், துணைக்கு என்னையும், வாரக் கடைசி வகுப்பில் சேர்த்துவிட்டான்.

வகுப்பு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியின் மாடியில். கீழே யாராவது ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டே இருப்பார்கள். மேலே நாங்கள் முகர்ந்துகொண்டிருப்போம். கூட்டத்தில் ஒரு பேங்க் அதிகாரி, விமானத்தில் பரிமாறும் ஒரு பையன், புதிதாகக் கல்யாணமாகி வேறு எங்கே போவது என்று தெரியாமல் வந்த ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு வாசனைப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் இருந்த பழங்களில் பாதியை அங்கே யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதனால் என்ன? பேங்க் அதிகாரி ஒவ்வொரு கிளாஸிலும் ஏதோ ஒரு கறுப்புப் பழத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பழத்தை அண்ணன் எங்க சாப்பிட்டீங்க?" என்று அக்கா கேட்டார். "சாப்பிட்டதில்ல. ஆனா இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர், வெட்கமே இல்லாமல்.

நான் பட்டியலை மனப்பாடம் செய்தேன். சிவப்பென்றால் இந்த நாலு வார்த்தை, வெள்ளையென்றால் அந்த நாலு வார்த்தை. எனக்கு மூக்கும் தேவைப்படவில்லை, நாக்கும் தேவைப்படவில்லை.

ஆசிரியை ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சிரிக்க மாட்டார். அக்காவைப் பார்த்த முதல் நாளே அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அக்கா துப்ப மறுத்தார். எல்லோரும் ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்பும்போது, "சாப்பிடற பொருளைத் துப்பறது என்ன படிப்பு?" என்று விழுங்கினார். வகுப்பில் கொடுத்த வெள்ளை ஒயின்கள் ஒன்றுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. "பிஞ்சு. எல்லாம் பிஞ்சு. நல்ல சரக்கை இவங்க கண்ணுலயே பார்த்ததில்ல" என்று என் காதைக் கடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அதே பேச்சு. காசு வாங்கிக்கொண்டு வார்த்தை விற்கிறார்கள், அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தால் கழுதையும் குதிரையாகிவிடும் என்று நினைக்கிறார்கள், இப்படி.

அப்புறம் ஒரு வகுப்பில் ஆசிரியை எங்கள் முன்னால் இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்று தண்ணீரைப் போல வெளிறி இருந்தது. மற்றது தேன் நிறம்.

"ரெண்டும் ஒரே ஒயின்தான். வித்தியாசத்தைச் சொல்லுங்க" என்றார்.

யாரும் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்தேவிட்டார். அத்தனை வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்ததைப் போல வந்தது. "முதல் கிளாஸ் இன்னும் குழந்தை. கடிச்சா பல்லு கூசும். ரெண்டாவதுதான் ஒயின். நிறத்தைப் பாருங்க. வெட்டி வச்ச ஆப்பிள், வறுத்த பாதாம். இதைத்தான் நான் இத்தனை வருஷமா மேஜைக்கு மேஜை சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்பவாவது ஒரு நல்ல ஒயினைக் கண்ணுல காட்டினீங்களே, நன்றி."

ஆசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ரெண்டாவது கெட்டுப் போனது. சூடு பட்டு, காத்துப் பட்டு வீணானது எப்படி இருக்கும்னு காட்டறதுக்காக நானே கெடுத்து வச்சது" என்றார். பிறகு, "உங்க ஹோட்டல்ல ஒயினை எங்கம்மா வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

பேங்க் அதிகாரிதான் முதலில் சிரித்தார். கறுப்புப் பழ ஆசாமி! அவர் சிரித்ததும் புதுமண ஜோடியும் சிரித்தது. அக்கா உட்காரவில்லை.

"அது உங்க அபிப்பிராயம்."

"இல்லம்மா. இந்த மணம் வர்ற மாதிரி வேணும்னே பக்குவமா செய்யற ஒயினும் உண்டு. இது அது இல்ல. இது செத்துப் போச்சு."

"செத்ததையும் பழுத்ததையும் எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம்" என்று பையை எடுத்துக்கொண்டு அக்கா படியிறங்கிவிட்டார். மீதி வகுப்பை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். மரியாதையால் அல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசை.

வழியில் ஒரு கடையில் நுழைந்து, எங்கள் ஹோட்டலில் அதிகம் ஓடும் அதே வெள்ளை ஒயினில் ஒரு பாட்டில் வாங்கினார். அதே கம்பெனி, அதே வருஷம். குளிர்பதன அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன், சமையலறைப் பக்கம் இருந்த மேடையில் அதையும் எங்கள் ஸ்டோரிலிருந்து எடுத்த ஒன்றையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினார். ஒன்று வெளிறல். ஒன்று தேன். இரண்டையும் குடித்தார். மறுபடி குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கியதில் ஒரு துள்ளல் இருந்தது. எங்களுடையது நேற்று நறுக்கி மறந்துபோன பழம்.

அக்கா கிளாஸைக் கீழே வைத்தார். ஸ்டோருக்குள் போய், ஒயின் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சலவை அறையின் பாய்லர். அந்தச் சுவர் சுடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஈரமான சாக்ஸை நாங்கள் அங்கேதான் காய வைப்போம். அந்தச் சூட்டையும் ஒயினையும் சேர்த்து நினைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தடித்தடியான புத்தகங்களை எல்லாம் கரைத்துக் குடித்த அக்காவுக்கும் தோன்றவில்லை. ஒயினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எழுதியிருக்குமாம். அவரே பின்னால் சொன்னார். அதெல்லாம் வியாபாரிகளுக்கு எழுதியது என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"கெட்டதை வச்சே பாடம் படிச்சிருக்கேன்டா" என்றார். அழவில்லை. அருவருப்போடு, தட்டில் பூச்சி கிடந்ததைப் போலச் சொன்னார்.

பிறகு இரண்டு பாட்டிலையும் இரண்டு கிளாஸையும் தூக்கிக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனார். நானும்தான். ஸ்டோர் பாட்டிலையும் அதன் கிளாஸையும் அவன் முன்னால் வைத்து, "சார், இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அவன் லேபிளைப் பார்த்தான். சுழற்றினான். "பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல்..."

"போதும் சார்." கடையில் வாங்கியதைப் பக்கத்தில் வைத்தார். "இப்ப இதைக் குடிங்க."

குடித்தான். காது நுனி சிவந்தது. பின்னைத் தொடப் போன விரல் பாதியில் நின்றது.

"இது கெட்டதுன்னு எனக்குத் தெரியல, ஏன்னா எனக்கு நல்லது எதுன்னு தெரியாது. நல்லதைக் காட்டி உங்களுக்குச் சொல்லித் தந்திருக்காங்களே சார், உங்களுக்கு என்ன கேடு?"

"இதை வெளிய பேசாதீங்க" என்றான் அவன். அவ்வளவுதான் அவனுடைய பதில். அந்த வாரமே ஒயின் அலமாரி சத்தமில்லாமல் வேறு அறைக்குப் போனது. பழைய பாட்டில்களை எல்லாம் சமையலுக்கு அனுப்பினார்கள். நாக்கில்லாத சமையல்காரர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

அக்கா வகுப்பை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் முதல் ஆளாகப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாளியிலும் துப்பினார், யாரையோ திட்டுவதைப் போல. பரீட்சையில் நான் உயர்ந்த மார்க்கில் தேறினேன். அவர் தட்டுத்தடுமாறிக் கரையேறினார். வெள்ளை ஒயின் கேள்வியில் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிட்டதாம். என் சர்டிபிகேட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கே குடுத்திருக்காங்கன்னா இதோட லட்சணம் தெரியுதே" என்று என் மடியில் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயம்தானே.

அவருக்கு அசல் தண்டனை கிடைத்தது பல் டாக்டரிடம். வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். புது பாட்டிலை அக்கா திறந்து ஊற்றினார். ஒரு மிடறு குடித்துவிட்டு டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, பிஞ்சா இருக்கு?"

"இல்ல டாக்டர். இதுதான் சரி. இத்தனை நாள் உங்களுக்கு நான் குடுத்தது கெட்டுப் போனது. எனக்கே தெரியாம தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அக்காவின் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். டாக்டர் அதைச் சட்டையே செய்யவில்லை. அவருக்குப் பாவமாகப் போய்விட்டது, அக்காவைப் பார்த்து.

"உங்களையும் கெடுத்துட்டாங்களா? அந்தப் படிப்பு படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் ஆயிடறாங்க. எவ்வளவு நல்ல நாக்கு உங்களுக்கு! போங்க, கார்க் துருத்தினதா ஒண்ணு பார்த்து எடுத்துட்டு வாங்க."

"இல்ல டாக்டர். அதெல்லாம் எடுத்துட்டோம்."

"அப்ப எனக்கு இங்க வேலை இல்ல."

எழுந்து போய்விட்டார். பிறகு வரவே இல்லை. அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட எங்கள் காவலாளி ஒருநாள் வந்து சொன்னான்: டாக்டர் இப்போது கடையில் ஒயின் வாங்கி வெயிலில், மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிப் பழுக்க வைக்கிறாராம். நண்பர்களைக் கூப்பிட்டு ருசி பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறாராம். அதைக் கேட்டு நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா மேஜைவிரிப்பை மடித்துக்கொண்டே இருந்தார். "அந்த மாடியில இருக்கிறது என் பிள்ளைங்கடா" என்றார் கடைசியில்.

மேனேஜர் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு இன்னும் பெரிய பதவியில் போய்விட்டான். அந்தத் திராட்சைப் பின்னும் கூடவே போனது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் ஜட்ஜம்மா கார் பள்ளி மாடிக்குப் போகிறார், வகுப்புக்கு அல்ல. ஆசிரியையும் அவரும் ஆளுக்கொரு பாட்டிலை லேபிள் தெரியாமல் மூடிக் கொண்டுவந்து, என்ன ஒயின் என்று சொல்லாமல் ஊற்றிக்கொடுத்துச் சண்டை போடுகிறார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஆசிரியை ஊற்றியதை அக்கா முகர்ந்து, குடித்து, துப்பி, நிதானமாக ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"தப்பு" என்றார் ஆசிரியை. "பக்கத்துலகூட இல்ல. இன்னொரு தடவை மோந்து பாருங்க, இந்தத் தடவை மூக்கால."

அக்கா கிளாஸை மேஜையில் வைத்த வேகத்தில் ஒயின் தளும்பியது.

"உங்க மூக்குக்கு நீங்க கண்ணாடி போட்டுக்குங்க" என்றார். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கிளாஸை மறுபடி எடுத்து, இம்முறை நெடுநேரம் முகர்ந்தார்.